அமாவாசையன்று நான் மயக்கத்தில் கிடந்த விவரம்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் சிவகுமாருக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் லோகநாதன் எழுதிக்கொண்டது. சென்னையில் நீயும் துர்காவும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் மரியாதை. எழுதினேன், அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்துவிட்டேன். பொய் எழுதக் கை வரவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். வாட்ஸப்பில் போடலாம் என்றால், போன தீபாவளிக்கு உன் மாமியாரைப் பற்றி உனக்கு மட்டும் போட்டது குடும்பக் குரூப்பில் போய் விழுந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், அவரும் மறக்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

விஷயம் இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து, நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட் என்கிற அந்த டேபையும், அதன் உறையையும், சார்ஜரையும், காதில் மாட்டும் வயரையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். போகும்போது, "அக்கா, படித்தது போதும்" என்று உன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. படிக்கச் சொன்னது அந்த வாய்தானே, அதுவே முடித்தும் வைக்கட்டும்.

உன் அக்கா பரிமளா இந்த ஊர் நர்சிங் ஹோமில் எத்தனை காலமாக நர்ஸ் வேலை பார்க்கிறாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் கையால் ஊசி போட்டுக்கொண்டு வீறிட்டு அழுத பிள்ளைகள் எல்லாம் இன்று தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவளிடமே வருகிறார்கள். அப்படிப்பட்டவள் வார்டு இன்சார்ஜ் ஆக வேண்டும் என்றால் டிப்ளமோ போதாது, டிகிரி வேண்டும், கம்ப்யூட்டரும் தெரிந்திருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நான் இருந்தேன். நீதான் பொங்கலுக்கு வந்த இடத்தில், "அக்கா, வீட்லருந்தே படிக்கலாம், எல்லாம் ஆன்லைன்தான், மாமாக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்று என் வீட்டு வடையைத் தின்றுகொண்டே சொன்னாய். எனக்குத் தெரிந்த தொலைதூரப் படிப்பு என்றால் தபாலில் புத்தகம் வரும், அதை அலமாரியில் அடுக்குவோம், பரீட்சைக்கு முந்தைய வாரம் தூசு தட்டுவோம். யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. இது அப்படி இல்லையப்பா. தொலைதூரம் என்று பெயர்தான், கல்லூரி முழுக்க என் கட்டில் காலடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதல் வகுப்பிலேயே அவமானம். என் வீட்டுக்கும் தறிக் கொட்டகைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான் என்பது உனக்குத் தெரியும். தறி ஓடும்போது இவள் டேபைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் பாடம் எடுக்கிற மேடம், "பரிமளா, நீங்க ட்ரெயின்ல போய்கினே கிளாஸ் அட்டெண்ட் பண்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ரயிலாம்! ஆரணிக்குள் ரயில் எங்கே வருகிறது? ரயில் பார்க்க வேண்டும் என்றால் நாங்கள் களம்பூர் போக வேண்டும். "இல்ல மேடம், தறி ஓடுது" என்று இவள் சொல்ல, அது அவருக்குக் கேட்கவில்லை. "ஹேப்பி ஜர்னி" என்று சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது. அன்று முதல் கூடப் படிக்கிறவர்களுக்கு இவள் 'ட்ரெயின் அக்கா'. பட்டுப் புடவை நெய்கிற வீட்டுக்கு இப்படி ஒரு பட்டம் தேவையா என்று நீயே சொல்.

அடுத்ததாக ஒரு திரை நோயாளி வந்தார். டேபுக்குள் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு பொம்மை ஆள், பக்கத்தில் ரத்த அழுத்தம், நாடி எல்லாம் எண்ணாக ஓடும். இவள் விரலால் தொட்டுத் தொட்டு மருந்து கொடுக்க வேண்டும், ஆக்சிஜன் வைக்க வேண்டும், கேஸ் ஷீட்டும் அதிலேயே எழுத வேண்டும். நாள் முழுக்கக் கை கழுவிக் கழுவி உன் அக்கா விரல் தேய்ந்து போயிருக்கிறது, தொட்டால் டேபுக்கு உறைப்பதே இல்லை. இவள் ஆக்சிஜனைத் தொடுவதற்குள் அந்த ஆள் செத்துப்போவார். திரும்ப ஆரம்பிப்பாள், திரும்பவும் செத்துப்போவார். வார்டில் டாக்டர் வருவதற்குள் எத்தனை பேரை இழுத்துப் பிடித்து வைத்திருப்பாள் உன் அக்கா! அவளைப் பார்த்து ஒரு டேப், 'நோயாளி இறந்துவிட்டார், மீண்டும் முயலவும்' என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பொம்மைக்காக அழுதாள் மச்சான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளை நானே ஒரு வழி பண்ணியிருப்பேன், ஆனால் அவர்தான் ஏற்கெனவே செத்துக் கிடந்தாரே.

பொம்மை சரிப்படவில்லை என்றதும் அடுத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். செய்முறை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம், அதற்கு ஆள் வேண்டுமாம். எனக்கு வராத வியாதி இல்லை. கால் முறிந்து கட்டுப் போட்டார்கள், தீக்காயம் பட்டது, மூச்சுத் திணறியது. ஒருநாள் பிரசவ வார்டு பாடம் என்று அவள் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் எழுந்து கொட்டகைக்கு ஓடிவிட்டேன். தலையில் போட்ட கட்டை அவிழ்க்க மறந்து நான் கடைவீதிக்குப் போய், வழியெல்லாம் துக்கம் விசாரிக்க வைத்த கதையைத் தனியாகச் சொல்கிறேன்.

இதெல்லாம் கூடப் போகட்டும். நான் சொல்ல வந்தது போன அமாவாசை.

ஆன்லைனிலேயே செய்முறைத் தேர்வு வைக்கிறோம், இத்தனை தேதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரி சொன்னது. நிபந்தனைகளைக் கேள். சத்தம் இருக்கக் கூடாது. தேர்வு எழுதுகிறவரும் நோயாளியும் தவிர வேறு முகம் தெரியக் கூடாது. எழுதுகிறவர் படத்தை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் டேபே பார்த்துக்கொண்டிருந்து தேர்வை மூடிவிடும். உன் அக்கா என்னிடம் வந்து, "ஏங்க, ஒரு ரெண்டு மணி நேரம் தறிய நிறுத்திக்கலாமா?" என்றாள். முகூர்த்த மாசம், ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. நிறுத்த முடியாது என்றேன். தவிர, என் தறியை மட்டும் நிறுத்தி என்ன பிரயோஜனம், பக்கத்தில் தமிழ்வாணன் கொட்டகை, எதிரில் இன்னொன்று. எங்கள் தெருவில் தறி நிற்பது இரண்டே காரணத்துக்குத்தான். ஒன்று அமாவாசை, மற்றொன்று சாவு. வேலை நாளில் தறி நின்றால் யார் போய்விட்டார்கள் என்றுதான் கேட்பார்கள். அவள் தேதிகளைப் பார்த்தாள், அதில் அமாவாசை இருந்தது, அதைத் தொட்டுவிட்டாள். ஆகா, என்ன யோசனை, ஊசி விழுந்தால் கேட்கும் என்று மெச்சி, அதைச் சொன்னதே நான்தான் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அது என் யோசனை இல்லை, அவளைப் படிக்க வைத்த உன்னுடையது.

தெருவில் சத்தம் இருக்காது என்று யோசித்தோமே தவிர, தறி ஓடாத நாளில் தெருவே சும்மா இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

தேர்வுக்குக் கொடுத்த தலைப்பு, 'மயக்க நிலையில் உள்ள நோயாளியைப் பராமரித்தல்'. வெளிச்சம் வேண்டும் என்று தெருப் பக்க ஜன்னலைத் திறந்துவைத்து, அதன் ஓரமாகக் கட்டிலைப் போட்டாள். டேபை நிறுத்திவைக்கிற ஸ்டாண்டு உடைந்து போயிருந்ததால் பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் வைத்து, அறுந்த பட்டு நூலை முறுக்கி நானே இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். அவள் வெள்ளை யூனிஃபாரம், கையுறை, எல்லாம் போட்டுக்கொண்டு தயார். நான் கண்ணை மூடிப் படுத்தேன். அந்தப் பக்கம் ரேணுகாதேவி என்று ஒரு மேடம், தேர்வாளர். ஆரம்பிக்கலாம் என்றார்.

மயக்கத்தில் இருக்கிறவனிடமும் நர்ஸ் பேசிக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டுமாம், அது பாடம். உன் அக்கா என் காதருகில் குனிந்து, "ஐயா, நான் நர்ஸ் பரிமளா. உங்க வாய சுத்தம் பண்ணப் போறேன். பயப்படாதீங்க" என்றாள். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் அவள் அப்படி ஒரு குரலில் பேசியதே கிடையாது. ஊர்க்காரன் எவனோ நினைவில்லாமல் கிடந்தால் அவனுக்கு ஒரு குரல், நினைவோடு உட்கார்ந்திருக்கிற புருஷனுக்கு வேறொரு குரலா? எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். மேடம் உடனே, "பேஷன்ட் பேசறாரே?" என்றார். உன் அக்கா கொஞ்சமும் அசராமல், "ஆமா மேடம், கூப்பிட்டா லேசா ரெஸ்பான்ஸ் கீது. நோட் பண்ணிக்கறேன்" என்று டேபில் எழுதினாள். தேய்ந்த விரலால், அதுவும் கையுறையோடு தட்டியும் அன்று எழுத்து ஒழுங்காக விழுந்தது. எழுதிவிட்டு யாருக்கும் தெரியாமல் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், இன்னும் கன்றிப்போய்த்தான் இருக்கிறது.

அப்போதுதான் ஜன்னலில் நிழல் விழுந்தது. மற்ற நாளாக இருந்தால் தெருவில் ஒருவன் தலை தூக்க மாட்டான், அவனவன் கொட்டகையில் இருப்பான். அமாவாசை. குளித்து முழுகிவிட்டுச் சும்மா நடந்த தமிழ்வாணன் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான். நான் மல்லாந்து கிடக்கிறேன், என் பெண்டாட்டி கையுறை போட்டுக்கொண்டு என் வாயில் பஞ்சு வைத்துத் துடைக்கிறாள். அவன் என்ன நினைப்பான்? "அடப்பாவி லோகு! காலைலகூட பேசிகினு இருந்தியேடா!" என்று ஆரம்பித்தான். சரி, நல்ல மனசு என்று நினைத்தேன். மூச்சு விட்டுவிட்டு அடுத்த வரியாக, "என் ஜக்கார்டு அட்டைப் பெட்டி இவன்கிட்டதான் கீது, இனிமே யார்கிட்ட கேக்கறது?" என்றான். டிசைன் அட்டை வைக்கிற பெட்டி மச்சான்! பக்கத்துக் கொட்டகைக்காரன் பிணமாகக் கிடக்கிறான் என்று நினைக்கிற நேரத்தில் அவனுக்குப் பெட்டி ஞாபகம் வருகிறது. எழுந்து நாலு கேள்வி கேட்டிருப்பேன், மயக்கத்தில் இருந்த காரணத்தால் விட்டுவிட்டேன்.

அவன் போய்ச் சொன்ன வேகத்தில் தெருவே ஜன்னலில் வந்து நின்றது. மேடம், "யாரு அவங்கல்லாம்?" என்று கேட்க, உன் அக்கா, "நோயாளியோட சொந்தக்காரங்க மேடம், ஆறுதல் சொல்லி அனுப்பிடறேன்" என்றாள். படத்தை விட்டு வெளியே போகாமலே ஜன்னல் பக்கம் திரும்பி, "எல்லாம் நல்லாத்தான் கீறாரு, காத்து வர்றதுக்கு வழி விடுங்க, அப்பறமா ஒவ்வொருத்தரா வந்து பாக்கலாம்" என்று நர்சிங் ஹோமில் சொல்கிற மாதிரியே சொன்னாள். கூட்டம் நகர்ந்தது. அந்த மேடம், "குட், வெரி குட்" என்றது என் காதில் விழுந்தது. பாஸ் ஆகிவிடுவாள் என்று அப்போது நிச்சயமாக நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அடுத்து என்னை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தோளையும் இடுப்பையும் பிடித்து உருட்டி, பாதி திரும்பியிருக்கிறேன். வாசலில், "ஐயோ, எங்கண்ணே!" என்று ஒரு அலறல், தொடர்ந்து தொப்பென்று ஒரு சத்தம். என் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிற கன்னியம்மாள்தான். புருஷன் போனதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்குச் சோறு வைக்கிற வரைக்கும் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டாள். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கிவிட்டாள். ஓடி வந்தவள் சர்க்கரை இறங்கி வாசல் நடையிலேயே சரிந்துவிட்டாள்.

உன் அக்கா என்னை விட்டாள். பாதியில் விட்டாள் மச்சான், நான் ஒரு கையும் ஒரு காலும் அந்தரத்தில் தொங்கக் கட்டில் விளிம்பில் கிடக்கிறேன். டேபைப் பார்க்கவில்லை, மேடத்தைப் பார்க்கவில்லை, ஒரே ஓட்டம். "சர்க்கர மெஷின எடுங்க!" என்று அங்கிருந்து குரல் வருகிறது. யாரிடம் சொல்கிறாள்? என்னிடம்தான். நான்தான் நினைவில்லாமல் கிடக்கிறேனே! இதற்குள் டேப் இங்கிலீஷில் கத்த ஆரம்பித்துவிட்டது. தேர்வர் முகம் தெரியவில்லை, தேர்வர் முகம் தெரியவில்லை என்று அதே பாட்டு. இவள் எதற்காக இத்தனை மாதம் கண் எரிய உட்கார்ந்தாளோ அது போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்தேன். மேடம் பதறி, "சார், சார், நீங்க அன்கான்ஷியஸ், படுங்க!" என்றார். "மேடம், நான் மயக்கத்துலதான் கீறேன். என் பொண்டாட்டி அங்க ஒரு உசுர பாத்துகினு கீறா, நீங்க வந்து பாருங்க" என்று டேபை அவிழ்க்கப் போனேன். அவிழவில்லை. நெசவுக்காரன் போட்ட முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுமே தவிர நெகிழாது. சரி என்று நாற்காலியோடு தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன். மெஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். என் வீட்டு ஒட்டடை, மின்விசிறி, உன் கல்யாண போட்டோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே அந்த மேடம் நடைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே உன் அக்கா தரையில் உட்கார்ந்து கன்னியம்மாளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, விரலில் குத்தி, சர்க்கரை பார்த்து, "யக்கா, கண்ணத் தொற, என்னப் பாரு, முழுங்க முடியுதா?" என்று கேட்டுக் கேட்டுச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுகிறாள். எனக்குச் சொன்ன அதே குரல். அப்போதுதான் அந்தக் குரல் பரீட்சைக்காக வந்த குரல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் ஆடுகிற நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மேடம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கன்னியம்மாள் கண்ணைத் திறந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். "அப்ப நீ சாவலியா?" என்றாள். அந்த நொடியில் டேப் கறுத்துச் சிவப்பு எழுத்து வந்தது. தேர்வு ரத்து. தேர்வர் இடத்தில் இல்லை, அன்னியர் நடமாட்டம், நோயாளி எழுந்து நடந்தார். "சிஸ்டம்தான் க்ளோஸ் பண்ணுது, என் கையில..." என்று மேடம் சொன்னது பாதியில் அறுந்துவிட்டது.

நான் கேட்கிறேன், சிவகுமார். நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவன், பதில் சொல். நர்ஸ் வேலை என்றால் என்ன? பொய்யாக மயங்கினவன் பக்கத்தில் நின்றால் பாஸ், நிஜமாக மயங்கினவளிடம் ஓடினால் ஃபெயிலா? யார் கையிலும் இல்லை, சிஸ்டம் கையில் இருக்கிறது என்றால் அந்த சிஸ்டத்துக்கு நாளைக்கு மயக்கம் வந்தால் யார் ஓடி வருவார்கள்?

அன்று அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கன்னியம்மாளுக்கு இட்லி கொடுத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். முடிச்சைக் கத்தரிக்கோலால் வெட்டி டேபை எடுத்து, அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்தாள். "விடுங்க, நமக்கு இவ்ளோதான்" என்றாள். அவ்வளவுதான். டூட்டிக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். புடவை எடுக்க அலமாரியைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் நிற்கிறாள், மூடிவிடுகிறாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை மச்சான். வீட்டில் பேஜாராக இருக்கிறது. அதற்காகத்தான் சொல்கிறேன், வந்து அந்தச் சனியனை எடுத்துக்கொண்டு போய்விடு. கட்டிலையும் நான் பழைய இடத்தில் போட்டுவிட்டேன். இனி எனக்கு எந்த வியாதியும் வராது, யார் கேட்டாலும் படுக்க மாட்டேன். இது என் முடிவு, மாற்றம் கிடையாது.

துர்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, எந்தப் படிப்பானாலும் வகுப்பறையில் உட்கார்ந்து படிக்கக் கடவுள் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபத்தில் இருக்கும்,
அக்கா புருஷன்,
வ. லோகநாதன்.

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். டேபை எடுக்க நீ வர வேண்டாம். இன்று அந்த ரேணுகாதேவி மேடம் போன் செய்தார். நடந்தது முழுவதும் பதிவாகியிருக்கிறதாம், நாற்காலி ஆடியது உட்பட. அதைக் கல்லூரியில் போட்டுக் காட்டி உன் அக்காவுக்கு மறுதேர்வு வாங்கியிருக்கிறார். ஆனால் வருகிற வியாழக்கிழமைதானாம், வேறு தேதி கிடையாதாம். வியாழக்கிழமை சுத்தமான வேலை நாள். இதில் ஒரு சங்கடம், என் தறி மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறது, அன்று எப்படியும் நிறுத்தி எண்ணெய் போட்டாக வேண்டும். உன் அக்காவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழ்வாணன் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவன் மோட்டாரிலும் அதே சத்தம் வருகிறதாம், அவனும் வியாழக்கிழமைதான் நிறுத்துகிறானாம். கன்னியம்மாள் வீடு வீடாகப் போய்த் தெருவில் இருக்கிற எல்லா மோட்டாரிலும் அதே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாள், அன்று காலையில் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டுத் தெருமுனையில் உட்கார்ந்து யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறாள். வேலை நாளில் தறி நின்றதே, யார் செத்தது என்று அடுத்த தெருவில் கேட்பார்கள். லோகநாதன் மயக்கத்தில் இருக்கிறான், வேறொன்றும் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். கட்டிலை மறுபடி ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டாயிற்று, ஜன்னலுக்கு ஒரு திரையும் தைத்தாயிற்று. உன் அக்கா டேபை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நீ வருவதாக இருந்தால் நல்ல ஸ்டாண்டாக ஒன்று வாங்கிக்கொண்டு வா. இந்த முறை அவள் அந்தக் குரலில் எத்தனை தடவை 'ஐயா' என்று கூப்பிட்டாலும் நான் வாயைத் திறக்கப் போவதில்லை.